வயிற்றில் பிள்ளையும் கையில் சிப்ஸ் பாக்கெட்டும்: ஒரு கர்ப்பகால நாட்குறிப்பு

ஜனவரி 12 (9 வாரம்)

இன்று காலையிலிருந்து என் வயிற்றில் தங்கிய ஒரே உணவு உப்புத் தூவிய உருளைக்கிழங்கு சிப்ஸ்தான். அடுப்பில் எண்ணெய் காயும் வாசனை வந்தாலே குமட்டுகிறது. வேகவைத்த காய்கறியைத் தட்டில் பார்த்த மாத்திரத்தில் எழுந்து ஓட வேண்டியிருக்கிறது. சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தபோது மட்டும் வயிறு அடங்கிக் கிடந்தது. பாதி பாக்கெட் தீர்ந்த பிறகு விரல் நுனிகளில் ஒட்டியிருந்த உப்பைப் பார்த்தேன். இத்தனை நாள் காத்திருந்து வந்த குழந்தைக்கு நான் கொடுப்பது இதுதானா என்று எண்ணியதும் கண் கலங்கிவிட்டது.

மாலையில் மருத்துவரிடம் பேசினேன். மசக்கையோடு தொடர்புடைய எச்.சி.ஜி. ஹார்மோன் எட்டு முதல் பதினோரு வாரங்களுக்குள் உச்சத்தைத் தொட்டுப் பிறகு இறங்கும் என்றும், முதல் மூன்று மாதங்களில் கருவுக்கெனக் கூடுதலாகக் கலோரி எதுவும் தேவைப்படாது என்றும், இப்போதைக்கு எது தங்குகிறதோ அதைச் சிறிது சிறிதாகச் சாப்பிட்டால் போதும் என்றும் அவர் பொறுமையாகச் சொன்னார். ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் ஒரு நாளும் விடக்கூடாது. தண்ணீர்கூடத் தங்காமல் போனாலோ, சிறுநீர் அடர்ந்த நிறமாகி எடை குறைந்தாலோ உடனே வர வேண்டும். கடைசியாக அவர் சொன்னதற்காகத்தான் இந்தக் குறிப்பேட்டைத் தொடங்குகிறேன். "ஒரு நாள் சிப்ஸ் சாப்பிட்டதால் குழந்தைக்கு எதுவும் ஆகிவிடாது. ஆனால் சாப்பிட்டதை எழுதி வையுங்கள். எப்போதாவது சாப்பிடுகிறேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரிவதில்லை."

ஜனவரி 30 (11 வாரம் 4 நாள்)

குமட்டல் சற்றே தணிந்திருப்பதால், அலமாரியில் இருந்த சிப்ஸ் பாக்கெட்டின் பின்புறத்தை இன்று முதன்முறையாக முழுவதும் படித்தேன். எழுத்துகள் மிகச் சிறியவை. ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிக்க வேண்டியிருந்தது. ஒரு முறை பரிமாறும் அளவு 30 கிராம் என்றும், அதில் 180 மில்லிகிராம் சோடியம் இருப்பதாகவும் போட்டிருந்தது. குறைவுதானே என்று நிம்மதியடைந்த பிறகே பாக்கெட்டின் மொத்த எடை 150 கிராம் என்பது கண்ணில் பட்டது. அப்படியானால் முழுப் பாக்கெட்டில் 900 மில்லிகிராம் சோடியம். ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராமுக்குக் குறைவாக, அதாவது ஐந்து கிராம் உப்புக்குள் இருக்க வேண்டும் என்பது பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. தொலைக்காட்சி முன் உட்கார்ந்தால் ஒரே அமர்வில் நான் தீர்த்துவிடும் பாக்கெட்டில் அதில் ஏறக்குறைய பாதி போய்விடுகிறது.

பாக்கெட்டை வெளியே எறியவில்லை. ஒரு சின்னக் கிண்ணத்தில் கொட்டிக்கொண்டு, மீதியைக் கிளிப் போட்டு மூடி வைத்தேன்.

பிப்ரவரி 19 (14 வாரம் 3 நாள்)

பசி திரும்பிவிட்டது, அதுவும் அடங்காத பசி. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் "இரண்டு உயிருக்குச் சேர்த்துச் சாப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அன்பால் சொல்வதுதான் என்றாலும், கணக்கு அப்படி இல்லை. இரண்டாவது மும்மாதத்தில் கூடுதலாகத் தேவைப்படுவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 340 கலோரி, மூன்றாவதில் ஏறத்தாழ 450 கலோரி. ஒரு பர்கர், பெரிய அளவு உருளைக்கிழங்கு வறுவல், ஒரு குளிர்பானம் ஆகியவற்றைச் சேர்த்தால் எளிதில் ஆயிரத்தைத் தொட்டுவிடும். உயரத்துக்கேற்ற எடையோடு கர்ப்பம் தரிப்பவர்கள் மொத்தப் பத்து மாதத்தில் 11.5 முதல் 16 கிலோ வரை கூடுவது இயல்பு என்று மருத்துவர் சொன்னார். அதிக எடையோடு தொடங்குகிறவர்களுக்கு அந்த அளவு இன்னும் குறைவு.

குளிர்பானத்தை மட்டும் நான் தனியாக வைத்துப் பார்க்கிறேன். சிப்ஸோ பீட்சாவோ ஓரளவுக்கு மேல் திகட்டிவிடும். குளிர்பானம் திகட்டாது, வயிற்றையும் நிரப்பாது. 330 மில்லி கோலா டப்பா ஒன்றில் ஏறத்தாழ 35 கிராம் சர்க்கரை, அதாவது ஏழு தேக்கரண்டிக்குக் குறையாமல் இருக்கிறது. சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாளின் மொத்தக் கலோரியில் பத்து விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும், ஐந்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது பொதுவான பரிந்துரை. 2000 கலோரி உண்பவருக்கு அவை முறையே 50 கிராமும் 25 கிராமும் ஆகும். கோலாவில் காஃபீனும் உண்டு. நாளொன்றுக்கு 200 மில்லிகிராமுக்குள் நிறுத்த வேண்டிய கணக்கில், காபியோடும் சாக்லேட்டோடும் சேர்த்து அதையும் எண்ண வேண்டும். நொறுக்குத்தீனியில் நான் முற்றிலும் விட்டது இது ஒன்றைத்தான். விட்ட முதல் வாரம் தலை வலித்தது, பிறகு பழகிவிட்டது.

மார்ச் 14 (17 வாரம் 5 நாள்)

இன்று உறவினர் வீட்டு விருந்தில் குளிர்ந்த இறைச்சித் துண்டுகள் வைத்த சாண்ட்விச்சைத் தட்டில் எடுத்துவிட்டேன். ஒரு கடையிலிருந்து வரவழைத்தது; மதியத்திலிருந்தே மேசையில் இருந்ததாம். வாய்க்குக் கொண்டுபோகும் நேரத்தில் என் கணவர் கையைப் பிடித்து, "கொஞ்சம் பொறு, இதைச் சூடாக்கினார்களா?" என்று கேட்டார். யாரும் சூடாக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் நெஞ்சு படபடத்தது. கர்ப்பிணி எதைச் சாப்பிடலாம் என்ற பேச்சில் இரண்டு வேறு விஷயங்களை நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம் என்று இன்றுதான் எனக்கு உறைத்தது. உப்பும் சர்க்கரையும் கொழுப்பும் மிகுந்த உணவு, நாள்கணக்கில் சேர்ந்து சேர்ந்தே தன் வேலையைக் காட்டும். அதில் ஒரு முறைக்குப் பெரிய பொருள் இல்லை. கிருமியின் கதை வேறு. அதற்கு ஒரே ஒரு முறை போதும். லிஸ்டீரியா என்னும் பாக்டீரியா குளிர்சாதனப் பெட்டியின் குளிரிலும் பெருகும் தன்மையுடையது. கர்ப்பிணிகளுக்கு அந்தத் தொற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பத்து மடங்கு என்று சொல்கிறார்கள். தாய்க்கு வெறும் காய்ச்சலும் உடல்வலியுமாகக் கடந்துபோவது கருவுக்கு உயிராபத்தாகிவிடக்கூடும், சாப்பிட்டுப் பல வாரங்கள் கழித்தும் அறிகுறி தோன்றலாம். பச்சைப் பால், அதிலிருந்து செய்த மென்மையான சீஸ், சூடாக்காத இறைச்சித் துண்டுகள் ஆகியவற்றை விலக்கச் சொல்வது இதனால்தான். அதே இறைச்சியை ஆவி பறக்கும் வரை, உள்பகுதி 74 டிகிரியை எட்டும் வரை சூடாக்கினால் பயமில்லை.

ஆக, அரைப் பாக்கெட் சிப்ஸுக்காக மனம் வருந்தி அழுத நான், பார்ப்பதற்குச் சத்தானதாகத் தெரிந்த சாண்ட்விச்சை யோசிக்காமல் எடுத்திருக்கிறேன்.

மார்ச் 30 (20 வாரம்)

ஸ்கேனில் எல்லாம் நலம். திரும்பும் வழியில் பீட்சா சாப்பிட்டோம். சூடாக இருந்தது, நன்றாக இருந்தது. எழுதி வைத்துவிட்டேன், குற்றவுணர்வு எதுவும் இல்லை.

மே 9 (25 வாரம் 5 நாள்)

சர்க்கரைப் பரிசோதனை. வெறும் வயிற்றில் ஒரு முறை ரத்தம் எடுத்தார்கள். பிறகு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரை ஐந்து நிமிடத்துக்குள் குடிக்கச் சொன்னார்கள். தொண்டையில் பசை போல ஒட்டிய அந்தத் தித்திப்பைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். ஒரு மணி நேரம் கழித்தும் இரண்டு மணி நேரம் கழித்தும் மீண்டும் ரத்தம் எடுத்தார்கள். என் அளவுகள் 84, 158, 131. வரம்பு 92, 180, 153; மூன்றில் ஒன்று எட்டினாலும் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் என்று முடிவு செய்கிறார்கள்.

பக்கத்து நாற்காலியில் இருந்த பெண்ணின் முடிவு வரம்பைத் தாண்டியிருந்தது. அவருடன் வந்த பெரியவர், "கண்டதையும் தின்றாய், இப்போது பார்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு வயிறு எரிந்தது. நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் எல்லாத் தாய்மார்களிடமும் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. அதை ஈடுகட்டுமளவு கணையம் சுரக்க முடியாதவர்களுக்கு இந்த நோய் வருகிறது. குடும்பத்தில் சர்க்கரை நோய், வயது, கர்ப்பத்துக்கு முந்தைய எடை என்று பல காரணங்கள் கூடி வருவது இது; அளவாகச் சாப்பிட்டவர்களுக்கும் வரும். நோய் வந்த பிறகு உணவைக் கவனிப்பது கட்டாயம், ஏனென்றால் தாயின் ரத்தத்திலுள்ள குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குப் போகும், தாயின் இன்சுலின் போகாது. குழந்தையின் கணையமே கூடுதலாக இன்சுலின் சுரந்து சமாளிக்கிறது, குழந்தையும் அளவுக்கு மீறிப் பருக்கிறது. இவ்வளவையும் அந்தப் பெரியவரிடம் சொல்ல வாய் வரை வந்தது. சொல்லாமல் வந்துவிட்டேன், இப்போதும் அது உறுத்துகிறது.

ஜூன் 3 (29 வாரம் 2 நாள்)

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.1 என்று வந்திருக்கிறது. இந்தக் கட்டத்தில் 11-க்குக் குறைந்தால் ரத்தசோகை. சில நாள்களாக ஐஸ் கட்டிகளைக் கடித்துத் தின்னத் தோன்றியதற்கும் இரும்புச்சத்துக் குறைவே காரணமாக இருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். நான் அதை வெயிலின் குற்றம் என்று நினைத்திருந்தேன்.

"குறிப்பேட்டைக் கொண்டு வந்தீர்களா?" என்று அவர் கேட்டார். நாங்கள் இருவருமாகக் கடந்த எட்டு வாரங்களைப் புரட்டினோம். நொறுக்குத்தீனி சாப்பிட்டது 19 முறை. எப்போதாவது என்று நான் மனதார நம்பிக்கொண்டிருந்தது, மூன்று நாளுக்கு ஒரு முறை என்று தேறியது. அதைவிட முக்கியமானதை மருத்துவர்தான் பென்சிலால் வட்டமிட்டுக் காட்டினார். 19-இல் எட்டு முறை உணவுக்குப் பிறகோ உணவோடு சேர்த்தோ சாப்பிட்டிருக்கிறேன். பதினொரு முறை உணவுக்குப் பதிலாகவே சாப்பிட்டிருக்கிறேன். அவற்றில் ஒன்பது, வேலையிலிருந்து தாமதமாகத் திரும்பிய நாள்கள். களைப்பில் உடனடி நூடுல்ஸையோ சிப்ஸையோ தின்றுவிட்டுப் படுத்திருக்கிறேன்.

கர்ப்ப காலத்தில் ஒரு நாளுக்கு 27 மில்லிகிராம் இரும்பு வேண்டும். அந்தப் பதினொரு இரவுகளில் தட்டுக்கு வந்திருக்க வேண்டிய பருப்பும் கீரையும் முட்டையும் வரவே இல்லை. இத்தனை மாதமாக சிப்ஸ் என்ன கெடுதல் செய்யும் என்பதையே தேடித் தேடிப் படித்திருக்கிறேன். அது எந்த உணவின் இடத்தில் வந்து உட்கார்ந்தது என்று ஒரு நாளும் பார்க்கவில்லை. உணவுக்குப் பின் ஒரு கை சிப்ஸ் தின்றதற்கு வருந்தியிருக்கிறேன். உணவே இல்லாமல் போன இரவை, நூடுல்ஸ் சூடாகத்தானே இருந்தது என்று எளிதாகக் கடந்திருக்கிறேன்.

இரும்பு மாத்திரை விழுங்கிய கையோடு காபி குடிப்பதும் தவறாம். காபியும் தேநீரும் இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும், வைட்டமின் சி நிறைந்த பழச்சாறு அதற்கு உதவும். இனி ஆரஞ்சுச் சாற்றோடு மாத்திரை. தாமதமாகும் நாள்களுக்கென நான்கு முட்டைகளை அவித்து வைப்பதும், முந்தின இரவே பருப்பை வேகவைப்பதும் தன் பொறுப்பு என்று கணவர் சொல்லிவிட்டார்.

ஜூன் 25 (32 வாரம் 3 நாள்)

நெஞ்செரிச்சல் தூங்க விடவில்லை. புரோஜெஸ்டிரான், உணவுக்குழாயின் அடிவாயை இறுக்கும் தசையைத் தளர்த்திவிடுகிறது; கருப்பை மேலேறி இரைப்பையை அழுத்துகிறது. எண்ணெயில் பொரித்த எதையும் இரவில் தொட முடியவில்லை. எந்த அறிவுரையாலும் நிற்காத வறுவல் இப்படித் தானாகவே நின்றது.

விழித்திருந்த நேரத்தில், குழந்தை சுவை அறிவதைப் பற்றிப் படித்தேன். 2001-இல் வெளிவந்த ஜூலி மெனெல்லாவின் ஆய்வில், கடைசி மும்மாதத்தில் கேரட் சாறு குடித்த தாய்மார்களின் குழந்தைகள், பின்னாளில் கேரட் கலந்த கூழை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டன. 2022-இல் டர்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தாய் கேரட் மாத்திரை விழுங்கிய பிறகு கருவின் முகத்தில் சிரிப்பது போன்ற அசைவையும், கேல் கீரை மாத்திரைக்குப் பிறகு அழுவது போன்ற அசைவையும் ஸ்கேனில் பதிவு செய்தார்கள். நான் உண்பதன் சுவை பனிக்குட நீர் வழியே அதன் நாக்குக்குப் போகிறது. நடு இரவில் எழுந்து ஒரு கேரட்டைத் தோல் சீவித் தின்றேன்.

ஜூலை 16 (35 வாரம் 3 நாள்)

ஹீமோகுளோபின் 11.2. இந்த ஆறு வாரங்களில் நொறுக்குத்தீனி ஏழு முறை; உணவுக்குப் பதிலாக ஒரே ஒரு முறை. கால் வீங்குவதால் உப்பை அடியோடு நிறுத்தச் சொல்லி ஒருவர் அறிவுரை கூறியதை மருத்துவரிடம் கேட்டேன். உப்பைக் குறைப்பதால் கர்ப்பகால ரத்தக்கொதிப்பு நோயைத் தடுக்க முடியாது, அளவாகப் போடுங்கள் என்றார். ஆனால் முகமும் கையும் திடீரென வீங்கினாலோ, தீராத தலைவலி வந்தாலோ, கண் மங்கினாலோ இரவென்றும் பகலென்றும் பார்க்காமல் வந்துவிட வேண்டும் என்றும் சொன்னார்.

இரவு உணவுக்குப் பிறகு சாக்லேட் ஐஸ்கிரீம் கேட்டேன். கணவர் கிண்ணத்தில் கொண்டு வந்தார். மூன்றாவது கரண்டியிலேயே வயிற்றில் இடமில்லை. உள்ளே ஒரு குதிகால் விலா எலும்பின் கீழ் அழுத்தமாக உதைத்து, அங்கேயே நின்றது. அவர் கையை எடுத்து அந்த இடத்தில் வைத்தேன். உருகிய மீதியை அவரே சாப்பிட்டார். "இதையும் எழுத வேண்டுமா?" என்று கேட்டார். எழுதிவிட்டேன்: சாக்லேட் ஐஸ்கிரீம், மூன்று கரண்டி, இரவு 9.40, சாப்பாட்டுக்குப் பிறகு.