தள்ளிவைத்த மூட்டு மாற்றுச் சிகிச்சைகளை மீண்டும் தொடங்கியபோது

2020 மார்ச் இறுதியில் கொரோனா ஊரடங்கு வந்ததும், எங்கள் எலும்பு மூட்டுப் பிரிவில் விபத்துக் காயங்கள், முதியோரின் இடுப்பெலும்பு முறிவு போன்ற அவசர அறுவை சிகிச்சைகள் மட்டுமே நடந்தன. முன்கூட்டியே நாள் குறித்துச் செய்யும் மூட்டு மாற்றுச் சிகிச்சைகள் அனைத்தையும் தள்ளிவைத்தோம். அது சரியான முடிவுதான். ஆனால் சில மாதங்களில், கைத்தடியோடு நடந்து வந்தவர்களைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தார்கள். வலி மாத்திரையை விடாமல் விழுங்கியதால் சிலருக்குச் சிறுநீரகச் செயல்பாடும் குறைந்திருந்தது.

மூட்டு மாற்று தேவைப்படுவோரில் பெரும்பாலோர் அறுபதைக் கடந்தவர்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள். கொரோனா கடுமையாகத் தாக்கியதும் இவர்களைத்தான். அறுவை சிகிச்சையை ஒட்டித் தொற்று கண்ட 1,128 பேரை 24 நாடுகளில் ஆராய்ந்து 2020 மே மாதம் 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்ட ஆய்வில், 23.8 சதவீதத்தினர் முப்பது நாட்களுக்குள் இறந்திருந்தனர். அவர்களில் பெரும்பாலோர் அவசரச் சிகிச்சைக்கு வந்தவர்கள் என்றாலும், அந்த எண்ணை நோயாளியிடமும் குடும்பத்தாரிடமும் மறைக்காமல் சொன்ன பிறகே நாள் குறித்தோம். கேட்டுவிட்டு, பிறகு வருகிறோம் என்று போனவர்களின் முன்னுரிமையை நாங்கள் மாற்றவில்லை. இடுப்பு மூட்டின் பந்து ரத்த ஓட்டமின்றிச் சிதைந்து வேலைக்குப் போக முடியாமல் இருந்த, வேறு நோயில்லாத இளவயதினரை முதலில் எடுத்தோம்.

ஆர்டி-பிசிஆர் பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தாலே போதும் என்று பலர் நம்பினார்கள். தொற்றிய முதல் சில நாட்களில் அது பிடிபடாமல் போகலாம் என்பதால், அறுவை சிகிச்சைக்கு முன் நோயாளி வீட்டிலேயே ஒதுங்கியிருப்பதை நான் அதைவிடப் பெரிதாகக் கருதினேன். நம் ஊரில் நோயாளியோடு ஒரு குடும்பமே வரும். துணைக்கு ஒருவர் மட்டும், அவருக்கும் பரிசோதனை, இடையில் ஆள் மாறக்கூடாது என்ற விதியைக் காப்பாற்றுவதுதான் எங்கள் செவிலியர்களுக்கு மிகக் கடினமான வேலையாக இருந்தது. மகனை வாசலிலேயே நிறுத்திவைக்க வேண்டியிருந்தபோதும் அவர்கள் பொறுமையாகப் பேசிப் புரியவைத்தார்கள்.

அறுவை அரங்கில் வேறொரு நெருக்கடி. உள்ளே பொருத்தும் செயற்கை மூட்டில் கிருமி படியாதிருக்க, சுத்திகரித்த காற்றை அரங்கின் அழுத்தம் வெளியே தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். நோயாளிக்குத் தொற்று இருந்தாலோ அதே காற்று நடைவழிக்குக் கிருமியைக் கொண்டுபோகும். அழுத்தத்தை நிறுத்த எனக்கு மனமில்லை. எனவே கதவுகளை அடைத்து, ஆட்களைக் குறைத்து, மணிக்கு இருபது முறை காற்று மாறும் அரங்கில் 99 சதவீதத் துகள்கள் நீங்கச் சுமார் 14 நிமிடங்கள் ஆகும் என்ற கணக்கில், ஒவ்வொரு சிகிச்சைக்குப் பிறகும் இடைவெளி விட்டோம். குழாய் செருகும் முழு மயக்கத்தைத் தவிர்த்து, முடிந்தவரை முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தோம். ரம்பம் எலும்பை அறுக்கும்போது ரத்தமும் எலும்புத் தூளும் புகைபோல எழும்; உறிஞ்சு குழாயை அதனருகிலேயே பிடித்திருக்க ஒருவரை நியமித்தோம். என்95 முகக்கவசமும் முகத்தடுப்பும் அணிந்திருந்ததால் குரல் எடுபடாது; மூட்டின் அளவை விரல்களால் காட்டி, செவிலியர் திரும்பக் காட்டிய பிறகே பெட்டியைப் பிரிக்கச் சொன்னேன்.

வீடு திரும்பிய பின், முழங்காலை மடக்கி நீட்டும் பயிற்சியைக் காணொலி அழைப்பில் கற்றுக்கொடுத்தோம். 2021 தொடக்கத்தில் வெளியான பெரிய பன்னாட்டு ஆய்வைப் பின்பற்றி, தொற்றிலிருந்து மீண்டவர்களுக்கு ஏழு வாரங்கள் கழித்தே நாள் கொடுத்தோம். மூச்சுத்திணறல் தொடர்ந்தவர்களை அதற்குப் பிறகும் காத்திருக்கச் சொன்னோம்.