நகல் எடுக்காமல் திறப்பதில்லை

பாட்டுக் கேட்கும் பழைய ஐபாடு ஒன்றில், இயர்போனைச் செருகும் ஜாக்கை மாற்றித் தர மறுத்து, கொண்டுவந்த பெரியவரிடமே அதைத் திருப்பிக் கொடுத்தேன். பினாங்கின் கோம்தார் வணிக வளாகத்தில் கடை வைத்திருக்கும் எவரும் அதையே செய்திருப்பார் என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். நானும் பெரும்பாலும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பழுது எளியது. 2005இல் வெளிவந்த ஐந்தாம் தலைமுறைக் கருவி அது. வலப்பக்க ஒலி விட்டுவிட்டுக் கேட்டது, செருகியை விரலால் அழுத்திப் பிடித்தால் திரும்பி வந்தது. துளைக்குள் சேர்ந்திருந்த பஞ்சை எடுத்தும், வேறு இயர்போனைச் செருகியும் மாற்றமில்லை. அடியிலுள்ள 30 முனை இணைப்பின் வழியே ஒலியை எடுத்து ஒலிபெருக்கியில் விட்டபோது இரு பக்கமும் தெளிவாக ஒலித்ததால், உள்ளேயிருக்கும் மின்சுற்றுப் போர்டு நன்றாக இருக்கிறது, ஜாக்தான் தேய்ந்துவிட்டது என்பது உறுதியாயிற்று. செருகியோடு பல ஆண்டுகள் சட்டைப்பையில் கிடந்த கருவிக்கு இது இயல்பான தேய்மானமே.

ஆனால் அந்த ஜாக், மற்றப் பொத்தான்களைப் பூட்டிவைக்கும் ஹோல்டு பொத்தானோடு ஒரே ரிப்பன் கேபிளில் அமைந்து, பின்புற எஃகு மூடியில் திருகப்பட்டிருக்கும். மூடியை நெம்பித் திறந்து, பேட்டரியின் மெல்லிய கேபிளை விடுவித்து, பாடல்கள் பதிந்திருக்கும் வன்தட்டைத் தூக்கிப் பிடித்தால்தான் ஜாக்கின் கேபிள் போர்டில் சேரும் இடமே கண்ணுக்குத் தெரியும். இத்தனை ஆண்டுகள் சுழன்ற 1.8 அங்குல வன்தட்டைத் தொட வேண்டிய வேலை என்றால், உள்ளே இருப்பதை முதலில் நகல் எடுத்துவிடுவது என் வழக்கம். கணினியில் இணைத்தால், மறைந்திருக்கும் கோப்புறைகளில் பாடல்கள் நான்கெழுத்துப் பெயர்களோடு கிடக்கும். அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

இதைச் சொன்னதும் பெரியவர் கருவியைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“நகல் வேணாம் தம்பி. பாட்டு மட்டும் இல்ல, வீட்டுப் பேச்சும் இருக்கு.”

“வேலை முடிஞ்சதும் அழிச்சிடுவேன் ஐயா.”

“அழிச்சீங்கன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது?”

அவர் என்னைச் சந்தேகித்துக் கேட்கவில்லை. விலை கேட்பதுபோல் இயல்பாகத்தான் கேட்டார். என்னிடம் விடை இல்லை. அவர் கண்முன்னே அழித்துக் காட்டலாம் என்றால், அழிந்துபோன கோப்புகளை மீட்டுத் தருவதும் எங்கள் கடையில் நாங்கள் காசு வாங்கிக்கொண்டு செய்யும் வேலைதான். வன்தட்டு என்றைக்காவது ஒருநாள் தானாகவே நின்றுவிடும், அப்போது எல்லாமே போய்விடும் என்றேன். “போற அன்னைக்குப் போகட்டும், வெளியே போகக் கூடாது” என்றார். அடி இணைப்பில் மாட்டும் ஒலிக் கேபிளைக் காட்டினேன். அதன் வழியே வரும் ஒலியின் அளவு, கருவியின் முகப்பில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் சக்கரத்துக்குக் கட்டுப்படாது, இயர்போனோடு நடந்துகொண்டே கேட்பதற்கும் உதவாது என்பதால் அவர் அதை ஏற்கவில்லை. நட்டம் வந்தால் தன்னுடையது என்று கையெழுத்துப் போட்டுத் தருவதாகவும் சொன்னார். அப்போதும் மறுத்துவிட்டேன்.

என்னை உறுத்துவது அந்தக் கடைசி மறுப்புத்தான். என் மேசையில் வன்தட்டு நின்றுபோனால் அந்தக் கையெழுத்து என் கடையைக் காக்குமே தவிர அவர் வீட்டுக் குரல்களைக் காக்காது என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தக் குரல்கள் அவருடையவை. எதை இழக்கலாம், எதை வெளியே விடக் கூடாது என்று தெளிவாக முடிவு செய்துகொண்டு வந்தவர் அவர். என் கைகள் தவறலாம் என்பதற்காகவே நகல் கேட்ட நான், என் சொல்லை மட்டும் அவர் நம்ப வேண்டும் என்று எதிர்பார்த்தது எந்த வகையில் நியாயம்? அதே வேளையில், ஒருவருக்காக இந்த வழக்கத்தைத் தளர்த்தினால், நகல் எடுக்கப் பொறுமையில்லாத அடுத்தவருக்கு எப்படி மறுப்பேன் என்பதும் வெறும் சாக்கு அன்று.

அதற்கான ஜாக் இன்றும் வாங்கக் கிடைக்கிறது. சில நாள் அவருக்காகத் திறந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. வேறு யாருடையதோ ஒரு பழைய வன்தட்டு, நேற்றுவரை ஓடியது, என் மேசைக்கு வந்தபின் சுழல மறுத்து டிக் டிக் என்று தட்டும்போது, மறுத்ததே சரி என்று தோன்றுகிறது.