முதல் அத்தியாயத்தை ஏழு தடவ எழுதினேன்

நாவல் எழுதி முடிக்க ஒன்றரை வருஷம் ஆச்சு, அதுல பெரிசா சொல்ல ஒண்ணுமில்ல. என்னைப் படுத்தி எடுத்தது முதல் அத்தியாயம்தான்.

பதிப்பகத்துக்கு அனுப்பிட்டு நாலு மாசம் காத்திருந்தேன். வந்த பதில் ஒரே வரி, தொடக்கம் இழுக்கலையாம். எங்க, எதனாலன்னு கேக்கலாம்னு போன் பண்ணினா எடுத்தவர் "நீங்களே படிச்சுப் பாருங்க"ன்னு வெச்சுட்டார். இன்னும் மனசு ஆறல.

சூழல் பத்தலைன்னு நானே முடிவு பண்ணி மழை, இருட்டு, தூரத்துல நாய் ஊளைன்னு சேத்துக்கிட்டே போனேன். மூணு டிராஃப்ட் இப்படியே வீணாப் போச்சு. அப்புறம் ஒரு நண்பன்கிட்ட முதல் ரெண்டு பக்கத்தக் குடுத்து, படிச்சதும் திருப்பி வாங்கிட்டு, யார் யார் வந்தாங்க சொல்லுன்னேன். ஆறு பேர்ல ஒருத்தர் பேர்தான் சொன்னான், அதுவும் தப்பா. எழுதுறவங்க இந்த சோதனைய மட்டும் விட்டுடாதீங்க, காசா பணமா.

அன்னிக்கு ராத்திரி 'பொன்னியின் செல்வன்' முதல் அத்தியாயத்த எடுத்து வெச்சு வரிவரியாப் பாத்தேன். 1950ல தொடர்கதையா ஆரம்பிச்சது, வாராவாரம் வாசகர இழுத்துப் பிடிச்சாகணும். ஆடிப்பெருக்கு நாள், வீரநாராயண ஏரிக்கரை, வந்தியத்தேவன் குதிரை ரொம்ப தூரம் வந்த அலுப்புல மெதுவா நடக்குது, அவனுக்கு அதப்பத்திக் கவலையே இல்ல, மனசு பூரா அந்த ஏரில. அவ்ளோதான் விஷயம்! தூரத்துலேர்ந்து வர்றான், வேடிக்கை பாக்குற மனசுக்காரன், ஊரே கொண்டாட்டத்துல இருக்குன்னு மூணும் ஒண்ணா வந்துடுது. ஏரி தனியா, ஆள் தனியா இல்ல, அவன் கண்ணு வழியாத்தான் ஏரி தெரியுது. நான் மழையப் பெய்ய விட்டேனே தவிர அதுல யாரையும் நனைய விடல.

திரும்ப உக்காந்தேன். ஆறு பேர ரெண்டாக் குறைச்சேன், குடும்ப வரலாறு நாலு பக்கத்த மூணாவது அத்தியாயத்துக்குத் தள்ளினேன் (வெட்டும்போது கை நடுங்குச்சு, உண்மையாவே). இப்ப தொடக்கம் இப்படி: அப்பா செத்து ஒரு மாசம், பூட்டிக் கெடந்த வீட்டத் தொறக்க அண்ணனும் தங்கச்சியும் வர்றாங்க. வாசல்ல அப்பா செருப்பு, தூசி படிஞ்சு. அண்ணன் அத காலால ஓரமாத் தள்ளிட்டு சாவியத் தேடுறான். தங்கச்சி குனிஞ்சு ரெண்டையும் பழைய எடத்துலயே ஜோடியா வெக்கிறா. ரெண்டு பேரும் பேசவே இல்ல.

அதே நண்பன்கிட்ட குடுத்தேன். இந்தத் தடவ பேர் கேக்கறதுக்கு முன்னாடியே அவன் என்னைக் கேட்டான், "அந்த அண்ணனுக்கு அப்பா மேல என்னடா அவ்ளோ கோவம்?"

கோவம்ங்கற வார்த்தைய நான் எங்கயும் எழுதல. நேத்து வேற ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பிட்டேன்.