மலை ரயிலின் கடைசிப் பெட்டி

நீலகிரி மலை ரயிலில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுவோர் பெரும்பாலும் முதல் வகுப்பின் முன்வரிசை இருக்கைக்கே ஆசைப்படுகிறார்கள். பள்ளத்தாக்கும் பாலமும் சுரங்கமும் நேர் எதிரே விரிந்து வரும் அந்த இருக்கையின் அருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் நீராவி இன்ஜினுக்காகவே பயணம் செய்பவர் அமர வேண்டிய இடம் அதுவன்று. ஏற்றத்தில் இன்ஜின் வண்டியை இழுப்பதில்லை. இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் பின்னோக்கி உருண்டுவிடாதபடி, பள்ளத்தின் பக்கமாக நின்று தள்ளிக்கொண்டே வருகிறது. ஆகவே இன்ஜினை ஒட்டிய கடைசிப் பெட்டியே என் தேர்வு.

கல்லாறு வரை இது சாதாரண ரயில்தான். அதன் பிறகு, ஏறத்தாழ 12 அடிக்கு ஓரடி உயரும் சரிவில் வெறும் சக்கரம் வழுக்கும் என்பதால், தண்டவாளங்களுக்கு நடுவே இரட்டைப் பற்சட்டம் தொடங்குகிறது. ஒன்றின் பல் மற்றொன்றின் இடைவெளிக்கு நேராக அமைந்திருப்பதால், இன்ஜினின் பற்சக்கரத்துக்கு எந்நேரமும் பிடி கிடைக்கிறது. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் 1914 தொடங்கி 1952 வரை தயாரான எக்ஸ் வகை இன்ஜின்களுக்கு நான்கு சிலிண்டர்கள். சமதளத்தில் கீழ் இரண்டு மட்டும் உழைக்கும். பற்சட்டத்தில் ஏறியதும் அவை பயன்படுத்திய நீராவியே மேல் இரண்டுக்கும் சென்று பற்சக்கரத்தைச் சுழற்றும். அந்தக் கணத்தில் புகைபோக்கியின் மூச்சு மாறுவதைக் கேட்பதற்காகவே நான் மீண்டும் மீண்டும் இந்த வண்டியில் ஏறுகிறேன்.

பின்னாலிருந்து தள்ளும் ஓட்டுநருக்கு முன்னே இருக்கும் பாதை தெரியாது. ஆகவே பெட்டிக்கொருவராக நின்று பிரேக்கை இயக்கும் பிரேக்ஸ்மேன்களில், முதல் பெட்டியில் இருப்பவர் கொடியசைக்க, அதை ஒருவர் கண்டு அடுத்தவருக்குக் காட்ட, அது இன்ஜின் வரை வந்து சேர்கிறது. வளைவுகளில் தலையை நீட்டாமலே இதைப் பார்க்கலாம்.

பழைய இன்ஜின்களைப் புதுப்பித்துவரும் திருச்சி பொன்மலைப் பணிமனை, 2011 முதல் அதே வடிவில் புதியவற்றையும் செய்து அனுப்பியிருக்கிறது. இன்று ஓடுபவற்றில் பெரும்பாலானவை நிலக்கரிக்குப் பதிலாக எண்ணெயில் இயங்குகின்றன. கரிப்புகையின் வாசனையை எதிர்பார்த்துச் செல்வோருக்கு இது ஏமாற்றம்; வெள்ளைச் சட்டை அணிந்து கடைசிப் பெட்டியில் அமர்வோருக்கு நல்ல செய்தி.

நடுவே ஹில்குரோவில் வண்டி தண்ணீர் பிடிக்க நிற்கும்போது பயணிகள் தேநீரையும் குரங்குகளையும் தேடிப் போகிறார்கள். இன்ஜின் அருகே கூட்டம் குறைவு என்பதால் எனக்கு அதுவே வசதி. மழைக்காலத்தில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே மண் சரிந்து சேவை நிறுத்தப்படுவதுண்டு. எனவே அக்டோபர் முதல் டிசம்பர் வரை திட்டமிடுவோர் புறப்படும் முன் விசாரித்துக்கொள்வது நல்லது. குன்னூரிலிருந்து உதகை வரை பற்சட்டம் இல்லை. அங்கே வழக்கமாக டீசல் இன்ஜினே வண்டியை எடுத்துச் செல்கிறது. நீராவிக்காக மட்டும் வருபவர் குன்னூர் வரை சீட்டு எடுத்தாலே போதும்.