அம்மாவின் வருமானம்

சாலை விபத்தில் இறந்தபோது அம்மாவுக்கு வயது 47. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் நாங்கள் தாக்கல் செய்த மனுவுக்கு எதிருரை அளித்த காப்பீட்டு நிறுவனம், அவர் இல்லத்தரசி என்பதால் வருமானமே இல்லை என்று ஒரே வரியில் முடித்திருந்தது. விடியுமுன் எழுந்து மாவரைத்து, படுத்த படுக்கையாகிவிட்ட பாட்டிக்குக் கஞ்சி ஊட்டி, தம்பியின் கல்லூரிக் கட்டணத்துக்காகச் சீட்டுக் கட்டிவந்தவரைப் பற்றிய வரி அது. படித்தபோது உடல் நடுங்கியது.

இல்லத்தரசியின் உழைப்புக்கும் வருமானம் மதிப்பிட வேண்டும், எதிர்கால உயர்வையும் அதனுடன் சேர்க்கலாம் என்று 2021இல் கீர்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியதை எங்கள் வழக்கறிஞர் முன்வைத்தார். அவ்வாறு மதிப்பிட்ட தொகையுடன் எதிர்கால உயர்வாக 25 விழுக்காடு கூட்டி, இறந்தவரின் சொந்தச் செலவைக் கழித்து, எஞ்சும் ஆண்டுத் தொகையை, 2009ஆம் ஆண்டின் சர்லா வர்மா தீர்ப்பு 46 முதல் 50 வயதினருக்கு வகுத்த 13 என்ற எண்ணால் பெருக்குகிறார்கள்.

2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுச் செய்யச் சொல்கிறது. ஆகவே முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றை, துக்கத்துக்கு நடுவிலும், யாராவது ஒருவர் சேகரிக்கத் தொடங்கிவிட வேண்டும். மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்தில் சமரசம் பேச அழைத்தால், இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். அங்கே ஒப்புக்கொண்ட தொகைக்கு எதிராக மேல்முறையீடு கிடையாது.