இவருக்குப் பதில் இவர்

சீரியலில் ஒருத்தர் சாக ஒரு வாரம் ஆகும். திங்கட்கிழமை நெஞ்சைப் பிடிப்பார். செவ்வாய்க்கிழமை டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே வெளியே வருவார். அப்புறம் வீட்டிலிருக்கிற ஒவ்வொரு முகத்தையும் மூன்று தடவை காட்டுவார்கள். எடுப்பதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிடும். இந்த இழுவை எனக்கு ரொம்ப நாள் எரிச்சலாகவே இருந்தது. டயலிசிஸ் சென்டரில் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, வேலை பார்க்கிறவள் நான். எங்கள் ஹாலில் ஒருத்தர் தவறிப்போனால் அவர் நாற்காலியில் அடுத்த முறைக்குள் வேறு ஆள் உட்கார்ந்திருப்பார். அதைத் தப்பென்றும் சொல்ல முடியாது. அந்த நாற்காலி ஒரு நாள் சும்மா கிடந்தால், வெயிட்டிங் லிஸ்ட்டில் இருக்கிற யாரோ ஒருத்தர் கால் வீங்கி, படுக்க முடியாமல், விடிய விடிய உட்கார்ந்தே மூச்சு வாங்குவார்.

செவ்வாய், வியாழன், சனி காலை ஷிப்ட்டில் அந்தப் பாட்டியும் லாரிக்கார அண்ணனும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய காலத்து ஆள். தோட்டத்து வீட்டில் இருந்தபோதே 'கோலங்கள்' பார்த்தவர். அதை இயக்கிய அதே திருச்செல்வத்தின் 'எதிர்நீச்சல்' 2022-இல் சன் டிவியில் தொடங்கியதும் அதிலும் ஒன்றிப்போனார். அண்ணன் செம்பனைக் குலை லாரி ஓட்டி, இனிப்பு நீர் முற்றி, சிறுநீரகம் போய், சொக்சோ என்கிற மலேசியத் தொழிலாளர் பாதுகாப்பு நிறுவனத்தின் உதவியில் எங்களிடம் வந்தவர். நான்கு மணி நேரம் ஒரு கையை அசைக்காமல் கிடக்க வேண்டும். வாய்தான் சும்மா இருக்கிறது. முதல் நாள் பார்த்த கதையை இரண்டு பேரும் மிஷினில் இருந்தபடியே பேசித் தீர்ப்பார்கள்.

'எதிர்நீச்சல்' கதையில் வீட்டுக்குப் பெரியவரான ஆதி குணசேகரனைக் கண்டால் பாட்டிக்கு ஆகாது. படித்த பெண்களை மருமகளாகக் கொண்டுவந்து அடுப்படியில் அடைத்து வைத்த மனுசன் என்று வாய்க்கு வந்தபடி திட்டுவார். அண்ணன் விடமாட்டார். "வீட்டுக்குப் பெரியவன் சத்தம் போடாம வேற யாரு பாட்டி போடுவா? நாலு தம்பி தங்கச்சிய ஒரே வீட்ல கட்டி வச்சிருக்கான்ல, அத சொல்லு." அவருக்கு மூன்று பிள்ளைகள். ஒருத்தர் சிங்கப்பூர், ஒருத்தர் ஜொகூர், பெண் கோலாலம்பூரில். தோட்டம் துண்டாடப்பட்டு எல்லோரும் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளுக்கு வந்த பிறகு, ஒரே கூரைக்குக் கீழ் அண்ணன் தம்பிகள் சாப்பிடுகிற காட்சி எங்கள் ஊரில் டிவியில்தான் மிச்சம். அவர் குணசேகரனுக்காகப் பேசினாரா, அந்தச் சாப்பாட்டு மேசைக்காகப் பேசினாரா என்று இப்போதும் யோசிக்கிறேன்.

2023 செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை, அந்த வேடத்தில் நடித்த மாரிமுத்து இறந்துபோனார். அந்த சீரியலுக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோதுதான் நெஞ்சு வலித்ததாம். மறுநாள் சனிக்கிழமை எங்கள் ஹாலில் வேறு பேச்சே இல்லை. அத்தனை நாள் திட்டிய பாட்டிதான் முதலில் அழுதார். அண்ணன் அழவில்லை. "அதெப்படி மிஸ்ஸி, பேசிக்கிட்டு இருக்கும்போதே..." என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அன்றைக்கு அவர் பிரஷரை வழக்கத்தைவிட அதிக தடவை பார்த்தேன். கதையில் குணசேகரன் சாகவில்லை. சில வாரங்களில் எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அந்த வேடத்துக்கு வந்தார்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, லாரிக்கார அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை அவர் நாற்காலியில் புது ஆள். மற்ற நோயாளிகளிடம் நாமாகச் சொல்லக் கூடாது, கேட்டால் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், இடம் மாறிவிட்டார் என்று ஏதாவது சொல்லிச் சமாளிக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். எழுதி ஒட்டிய விதி ஒன்றும் இல்லை. பாட்டிக்கு இரண்டு ஊசியும் போட்டு, டேப் ஒட்டி, மிஷினை ஓட விட்டுவிட்டுத் திரும்பினேன்.

"லாரிக்காரன் எங்க மிஸ்ஸி?"

"வேற சென்டருக்கு மாத்திக்கிட்டாரு பாட்டி. மக வீட்டுப் பக்கம்."

பாட்டி புது ஆளைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "ஓ. இவருக்குப் பதில் இவரா?"

சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. சீரியலில் ஆள் மாறும்போது திரையில் எழுத்துப் போடுவார்களே, அதை அப்படியே வாசித்துக் காட்டியது போலச் சொன்னார். நான் அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டேன்.

நான் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. மிஷின் ஓடும்போது உடம்பிலிருந்து தண்ணீர் இழுத்துக்கொண்டே இருக்கும். பிரஷர் எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. அதிர்ச்சியான செய்தி கேட்டு வியர்த்து, கண் சொருகினவர்களை நான் கால் தூக்கிப் படுக்க வைத்து, சலைன் விட்டு மீட்டிருக்கிறேன். பாட்டியின் இதயமும் பலமில்லாதது. அந்த நேரத்தில் என் வேலை பாட்டியை உயிரோடு வீட்டுக்கு அனுப்புவது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் ஒன்று. பாட்டியும் அண்ணனும் ஒரே தாமான். சாவு வீட்டுப் பந்தல் போட்டது பாட்டிக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? மூன்று தடவையும் பாட்டியைக் கூட்டிவந்து, வாசலில் பிளாஸ்க்கோடு காத்திருக்கிறவர் அவர் மருமகள். சீரியல்காரர்களுக்கு மாமியார் மருமகள் என்றால் விஷம் வைக்கத்தான் தெரியும். இந்த மருமகளோ மாமியார் ஒரு நாளைக்குக் குடிக்கிற தண்ணீரை டம்ளர் கணக்கில் நோட்டில் எழுதி வைக்கிறவர். அவர் சொல்லியிருக்க மாட்டாரா? எல்லாம் தெரிந்துகொண்டுதான் பாட்டி என்னிடம் கேட்டார் என்றால், அவர் எதிர்பார்த்தது செய்தியை இல்லை. கூட உட்கார்ந்திருந்த மனுசனைப் பற்றி அந்த இடத்தில், அந்த நாற்காலிக்குப் பக்கத்தில், யாராவது இரண்டு வார்த்தை பேசுவார்களா என்றுதான் பார்த்திருக்கிறார். அல்லது தெரியாமலே கேட்டிருக்கலாம். நான் அதை மிகையாக்குகிறேனோ என்னவோ.

அன்று வேலை முடிந்து சாவு வீட்டுக்குப் போனேன். முதல் நாளே எடுத்துவிட்டார்கள். அண்ணன் மனைவி அழாமல் உட்கார்ந்திருந்தார். வந்தவர்களில் சிலர் அதைத்தான் பேசிக்கொண்டார்கள். மாரில் அடித்துக்கொண்டு அழுதால்தான் பாசம், கண் காய்ந்திருந்தால் மனசில் ஏதோ இருக்கிறது என்கிற கணக்கை சீரியல் எங்கள் ஆட்களுக்கு நன்றாகவே பழக்கிவிட்டிருக்கிறது. அவர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஊசி போடுகிற கையில், நரம்பை இணைத்த இடத்தில், விரல் வைத்தால் ஒரு அதிர்வு தெரியும். தினமும் தொட்டுப் பாருங்கள், நின்றால் உடனே கூட்டிவாருங்கள் என்று நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். "ரெண்டு மணிக்கு முழிச்சு வழக்கம்போல தொட்டேன் மிஸ்ஸி. நின்னு போச்சு. கை சூடாத்தான் இருந்துச்சு. நீங்க சொன்னீங்கன்னு உடனே கூட்டிட்டு வரணுமேன்னு கார் சாவியத் தேடுனேன்." அப்புறம் போலீஸ் ஸ்டேசனில் இறுதிச் சடங்குக்கான பெர்மிட் எடுத்தது, சிங்கப்பூர் மகன் எல்லையில் நெரிசலில் மாட்டியது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். இந்த அம்மாவை எந்த சீரியலிலும் நான் பார்த்ததில்லை.

அதனால் சீரியல் காட்டுவது பொய் என்று சொல்லிவிட எனக்கு ஆசைதான். முடியவில்லை. யார் அழ வேண்டும், எப்படி அழ வேண்டும் என்பதில் அது பொய். ஆனால் ஒருத்தர் போனால் மற்ற எல்லா வேலையும் நின்று, ஒவ்வொரு முகமாகப் பார்க்க வேண்டும் என்கிறதே, அது பொய்யா? மாரிமுத்துவுக்காக எங்கள் ஹால் முழுவதும் ஒரு காலைப்பொழுது பேசியது. யாருக்கும் பிரஷர் இறங்கவில்லை. லாரிக்கார அண்ணனுக்காக ஒரு வார்த்தை இல்லை.

புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒருத்தி சமீபத்தில் கேட்டாள். "அக்கா, யாராவது தவறிட்டா, பக்கத்துல உள்ளவங்க கேட்டா என்ன சொல்றது?" உண்மையைச் சொல், ஆனால் ஊசி போடுவதற்கு முன்னால் சொல், மிஷினில் ஏற்றிய பிறகு சொல்லாதே என்றேன். சரியாகச் சொன்ன மாதிரிதான் இருந்தது. அந்த மாதமே மாலை ஷிப்ட்டில் ஒருத்தர் இறந்தார். பக்கத்து நாற்காலி அம்மா ஊசி போடுவதற்கு முன்னாலேயே கேட்டுவிட்டார். அன்றைக்கு அவருக்கு 4 கிலோ தண்ணீர் ஏறியிருந்தது, பிரஷர் 100-க்குக் கீழே. அந்தப் பிள்ளை டிரேயைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்து நிற்கிறாள்.

"ஈப்போ ஆஸ்பத்திரியில வச்சிருக்காங்கம்மா" என்றேன்.