ஒரே ஒரு 'டக்' - மினி டிராக்டர் செல்ஃப் மோட்டார் கதை

ஒன்றரை மாதமாக மினி டிராக்டரைக் கிணற்று மேட்டில்தான் நிறுத்திக்கொண்டிருந்தேன். காலையில் இறக்கத்தில் உருட்டி, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டால் பிடித்துக்கொள்ளும். மஞ்சள் காட்டுக்கு நடுவில் நின்றுபோனால் தள்ள ஆள் தேட வேண்டும். நேற்று சாயங்காலத்திலிருந்து செல்ஃப் எடுக்கிறது! பதினோரு தடவை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தேன், பக்கத்துத் தோட்டத்துக்காரர் என்னமோ ஏதோ என்று வேலிக்கே வந்துவிட்டார்.

சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே சத்தம், மோட்டார் சுற்றாது. இதுதான் நோய். கேட்டவர்கள் எல்லோரும் பேட்டரி என்றார்கள். மீட்டர் வைத்துப் பார்த்தேன்: சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட், சாவியைத் திருப்பும்போது 12.1. பேட்டரி செத்திருந்தால் எட்டு, ஒன்பதுக்கு விழுந்திருக்கும். இறங்காமல் நிற்கிறதென்றால் மோட்டாருக்குக் கரண்டே போகவில்லை. மெக்கானிக் அண்ணனிடம் சொன்னேன். "மீட்டரெல்லாம் எதுக்குங்க தம்பி, செல்ஃபையே மாத்திருங்க" என்றார். விலையைக் கேட்டதும் எனக்கு வீம்பு வந்துவிட்டது.

முதலில் எர்த், அதாவது பேட்டரியின் நெகட்டிவ் ஒயர் வண்டி இரும்போடு சேரும் இடம். சேசிஸில் பெயிண்ட் மேலேயே ஒயர் முனை லக்கை வைத்து முறுக்கியிருந்தது (போன வருடம் பெயிண்ட் அடித்த புண்ணியவான் நான்தான்). சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகு முறுக்கினேன். மறுபடியும் 'டக்'. அப்புறம் சோலனாய்டு. செல்ஃப் மோட்டாரின் சுவிட்ச் அதுதான்: சாவியைத் திருப்பினால் உள்ளே காயில் காந்தமாகி ஒரு செம்புத் தட்டைத் தள்ளும், தட்டு இரண்டு போல்ட் தலையையும் சேர்த்து மோட்டாருக்குக் கரண்ட் விடும். அந்த இரண்டு பெரிய போல்ட்டுக்கும் குறுக்கே மீட்டரை வைத்து, மகனைச் சாவி திருப்பச் சொன்னேன். உள்ளே காண்டாக்ட் சேர்ந்தால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும், 11.9 அப்படியே நின்றது. நியூட்ரலில்தான் இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்துவிட்டு, அந்த இரண்டு போல்ட்டையும் பழைய ஸ்குரூடிரைவரால் சேர்த்தேன். பொறி பறந்தது, மோட்டார் 'விர்ர்ர்' என்று சுற்றியது. ஆக மோட்டார் பிழைத்தது, குற்றவாளி சோலனாய்டு.

இதைத் திறப்பதுதான் பெரும்பாடு. பின்பக்க பேக்கலைட் மூடியில் காயிலின் இரண்டு ஒயர்களும் வெளியே வந்து ஈயம் வைத்திருக்கும், அதை உருக்காமல் மூடி வராது. என் 25 வாட் சால்டரிங் ராடு பத்து நிமிஷம் வைத்தும் வியர்க்கக்கூட இல்லை, சூட்டையெல்லாம் அந்தத் தடி செம்பு உறிஞ்சிக்கொள்கிறது. டிவி ரிப்பேர்காரரிடம் 65 வாட் இரவல் வாங்கினேன். உள்ளே ஒரு போல்ட்டின் தலை பாதி கறையான் அரித்த மாதிரி கிடந்தது. இரண்டு போல்ட்டையும் அரை வட்டம் திருப்பி அடிபடாத பாதியை முன்னால் கொண்டுவந்தேன், செம்புத் தட்டைக் கவிழ்த்துப் போட்டேன், உப்புத்தாளால் தேய்த்து மாட்டினேன். 'டக்'. மறுபடி ஈயம் உருக்கி, திறந்து, தேய்த்து, மாட்டினேன். 'டக்'. ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாவது முறை திறந்தபோதுதான் இரண்டு தலையும் ஒரே உயரமா என்ற சந்தேகம் வந்தது. வீட்டுக்காரி கண்மையை எடுத்துச் செம்புத் தட்டில் லேசாகத் தடவி, மூடிமேல் சாயாமல் நேராக அழுத்தினேன். ஒரு போல்ட்டில் கன்னங்கரேலென்று பிறை மாதிரி அச்சு, இன்னொன்றில் ஒரு பொட்டுகூட இல்லை! தட்டு கொஞ்சம் சாய்ந்து கொடுக்கும், ஆனால் நான் ஒன்றை மட்டும் அளவுக்கு மீறித் தேய்த்துத் தொலைத்திருந்தேன். உயரமான தலையை நாலு இழுப்பு, கண்மை, நாலு இழுப்பு, கண்மை என்று ஒரு மணி நேரம். இரண்டிலும் ஒரே மாதிரி அச்சு விழுந்த பிறகுதான் ஈயம் வைத்தேன். இப்போது அந்த 11.9 இருந்த இடத்தில் 0.2.

கழற்றிய கையோடு கார்பன் பிரஷும் (மோட்டாரில் சுற்றும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கரித்துண்டு) மாற்றினேன். கடைக்காரர் "அதே சைஸ்தாங்க" என்று கொடுத்தது ஹோல்டரில் நுழையவே இல்லை, உரசி உரசிக் கை கரியானதுதான் மிச்சம். பழைய பிரஷைக் கையில் கொண்டுபோகாமல் இனி கடை ஏறுவதில்லை. மோட்டார் தண்டைத் தாங்கும் வளையமான முன்பக்க புஷ்ஷும் ஆடுகிறது. சென்னை போகிற மாப்பிள்ளையிடம் சாம்பிளைக் கொடுத்து, வண்டிச் சாமான் கடைகள் இருக்கும் புதுப்பேட்டையில் தேடச் சொல்லியிருக்கிறேன். அது வரும்வரை ராத்திரிக்குக் கிணற்று மேடுதான். அதற்குள் சாவிக்கும் சோலனாய்டுக்கும் இடையே ஒரு ரிலே (சாவிக்குப் பதிலாகப் பெரிய கரண்டைத் தாங்கும் சுவிட்ச்) வைத்துவிடலாமா என்று பார்க்கிறேன், சாவி சுவிட்ச் தொட்டால் சுடுகிறது.